பகலில் வருகிறவன்

சுகிர்தாவின் வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தது கட்டடம்தான். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள்.

கட்டடத்துக்குக் காது வைத்திருந்தார்கள். சில வருடங்களுக்கு முன் நகரத்தின் தென்கோடியில் ஒரு அடுக்குமாடி பட்டப்பகலில் உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. ஐந்து மாடிக்கு மேல் எழும்பிய எந்தக் கட்டடத்திலும் தூணுக்குத் தூண் கருவி பொருத்த வேண்டும். கருவி நாணய அளவுதான் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தூணை லேசாகத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத தட்டு. அந்த அதிர்வு கான்கிரீட் வழியாக ஓடி மற்றத் தூண்களில் உள்ள கருவிகளைப் போய்ச் சேரும். வழியில் விரிசல் இருந்தால் அலை அதில் மோதிச் சிதறும். சிதறியதை வைத்து விரிசல் எங்கே என்று சொல்லிவிடலாம்.

ஒரு தொல்லை இருந்தது. தரையில் நிற்கிற மனிதனும் அலையைக் கெடுத்தான். மனிதன் என்பது பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மூட்டை தரையில் நின்றால் அதிர்வு கொஞ்சம் அதற்குள் போய்ச் செத்துவிடும், கொஞ்சம் அதைச் சுற்றிக்கொண்டு வளையும். மனிதர்களைக் கழித்தால்தான் விரிசல் தெரியும். கருவியைச் செய்த திடம் என்ற நிறுவனம் அப்படியே கழித்தது. கழித்ததைத் தூக்கிப் போட மனம் வராமல் அதையும் ஒரு வசதியாக விற்றது. எந்த வீட்டில் இப்போது எத்தனை பேர், பெரியவரா குழந்தையா செல்லப்பிராணியா என்று செயலியில் பார்க்கலாம். தீப்பிடித்தால் உள்ளே மாட்டியவர்களைக் காப்பாற்ற உதவும் என்றார்கள். சுகிர்தா இருந்த சரோவர் ஹைட்ஸில் இதுவரை தீப்பிடிக்கவில்லை. அதனால் அந்த வசதி தண்ணீர் லாரிக்குத் தலைக்கணக்குப் பார்க்கப் பயன்பட்டது. பிறகு வெறுமனே தலைகளைப் பார்க்க.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய குடியிருப்பு அது. ஒன்பதாவது மாடியில் சுகிர்தாவின் வீடு. அதற்கு மேல் மொட்டைமாடிதான். வெயில் நேராக இறங்கும் என்பதால் விலை குறைவு. அவளுடைய அப்பா, சாவதற்கு முன் தன் ஓய்வுப் பணத்தை முழுதாகக் கொட்டி அதை அவள் பெயரில் வாங்கிக் கொடுத்திருந்தார். சுகிர்தா கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். கல்யாணத்தை எட்டாம் வருடத்தில் விட்டாள். இப்போது விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவாள். மகள் மிதுலா தற்காலிகமாக அப்பாவிடம் இருந்தாள். தற்காலிகம் என்பது கோர்ட் சொன்ன வார்த்தை. இறுதி விசாரணைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பிள்ளை அம்மாவிடம் என்று தீர்ப்பானால் பகல் ஷிப்டுக்கு மாற்றித் தருவதாக மேலாளர் ஒத்துக்கொண்டிருந்தார். எல்லாம் வரிசையாக நின்றது. வீடு, வேலை, பிள்ளை. அந்த வரிசையில்தான் இவன் வந்து நின்றான்.

லிப்டில் வைத்துக் கேட்டார் அழகேசன். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம். வீட்ல கெஸ்ட் யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லையே சார்."

"இல்லையேன்னா? ஆப்ல டெய்லி ரெண்டு காட்டுது. பகல்ல."

"பகல்ல நான் தூங்குவேன் சார். நான் ஒருத்திதான்."

"நானும் அதைத்தான்மா சொல்றேன். நீங்க ஒருத்தி. இன்னொண்ணு?"

பக்கத்தில் நின்ற ஏழாவது மாடிப் பெண்மணி செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். விரல் மட்டும் நகரவில்லை.

"பொங்கல் சமயத்துல பூனை வளக்கிறேன்னு நோட்டீஸ் விட்டீங்க. வந்து பாத்தீங்க. பூனை இருந்துச்சா?"

"அது செல்லப்பிராணின்னு காட்டுச்சு, கேட்டோம்."

"அப்புறம் குழந்தைன்னு காட்டுச்சு. என் பொண்ண நான் திருட்டுத்தனமா கூட்டிட்டு வந்து வெச்சிருக்கேன்னு பேசினீங்க."

"அதெல்லாம் விடுங்கம்மா. இப்ப அடல்ட்டுன்னே போட்டிருக்கான். மெஷினுக்கு உங்க மேல என்ன கோபம்?"

லிப்ட் திறந்தது. அந்தப் பெண்மணி தன்னுடைய மாடியில் இறங்காமல் கூடவே ஒன்பது வரை வந்திருந்தார்.

*

அன்று சுகிர்தா முதல்முறையாகச் செயலியை ஒழுங்காகத் திறந்து பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு எண் மட்டுமல்ல, வரைபடமும் தெரியும். இரண்டு புள்ளிகள். ஒன்று கட்டிலில். அது அவள். இன்னொன்று படுக்கையறை மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில். கையை நீட்டினால் தொடுகிற தூரம்.

அவள் மூலையைப் பார்த்தாள். சுவர் இருந்தது. சுவரில் போன வருடக் காலண்டர் இருந்தது. எழுந்து போய் அந்த இடத்தில் நின்றாள். வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டன. அவள் சட்டென்று பின்வாங்கினாள். அவளுடைய புள்ளி மட்டும் விலகியது.

பேய்மீது அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதனால் மனிதர்கள்மீது சந்தேகம் வந்தது. பூட்டை மாற்றினாள். பழைய சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருந்திருக்கலாம். தூங்கும்போது யாரோ வருகிறான், அவள் எழுவதற்குள் போகிறான் என்று நினைத்தாள். வாசலிலிருந்து படுக்கையறை வரை தரையில் கோலமாவைத் தூவிவிட்டுப் படுத்தாள். எழுந்து பார்த்தால் மாவு அப்படியே கிடந்தது. செயலி இரண்டு என்றது. அடுத்த சந்தேகம் பரணிதரன்மீது போனது. முன்னாள் கணவன் கணினி ஆள். ஒரு வீட்டின் கணக்கில் ஒரு புள்ளியைச் சேர்ப்பது அவனுக்கு என்ன கஷ்டம்? அதற்கடுத்தது அழகேசன். அவருடைய மைத்துனர் இந்த வீட்டை விலைக்குக் கேட்டுப் பார்த்தவர். ஒரு வாரத்தில் அவள் சந்தேகப்படாத ஆள் கட்டடத்தில் இல்லை. கட்டடம் அவளைச் சந்தேகப்பட்டது, அவள் கட்டடத்தைச் சந்தேகப்பட்டாள். தூக்கம் போயிற்று. மூலைக்கு முதுகைக் காட்டிப் படுக்க முடியவில்லை. முகத்தைக் காட்டியும் படுக்க முடியவில்லை.

பரணிதரனின் வக்கீல் அந்தச் செயலிக் கணக்கைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார். அது எப்படி அவர் கைக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அது தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சுகிர்தாவின் வக்கீல் பியூலா நாகர்கோவில்காரி. ஜன்னல் இல்லாத ஒரு அறையில் ஆபீஸ் வைத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இஞ்ச பாரு. எங்கிட்ட மட்டும் உண்மைய சொல்லிரு."

"என்ன உண்மை?"

"யாரு அவன்? கல்யாணம் ஆனவனா?"

"அக்கா, யாருமே இல்ல."

"இருந்தா தப்புன்னு நான் சொல்லேல்ல. உனக்கு விவாகரத்து ஆயாச்சு. யார வேணும்னாலும் வெச்சுக்க. ஆனா நாளைக்கு பரணிதரன் வக்கீல் எந்திரிச்சு பேரு சொல்லும்போ நான் முழிச்சிட்டு நிக்கப்பிடாது பாத்துக்க."

"ஆள் இருந்தா பேர் சொல்லிட மாட்டேனா? பேர் சொன்னா இதவிட நிம்மதியாத்தான் இருக்கும்."

பியூலா நம்பவில்லை. ஆனால் நம்பாமலே வாதாடுவது அவளுடைய தொழில்.

"அப்ப மெஷின் பொய்யின்னு அந்தக் கம்பெனிக்காரனே எழுதித் தரணும். வேற வழியில்ல. அவன வீட்டுக்கு வரச் சொல்லு. மூலையில அந்த ஆளு நிக்குத நேரத்துல வரச் சொல்லு. சங்கத்துத் தலைவரையும் கூப்பிடு. சாட்சி வேணும்."

*

திடம் நிறுவனத்திலிருந்து இம்தியாஸ் என்ற பொறியாளர் வந்தான். முப்பது வயது இருக்கும். வெயிலில் பைக்கில் வந்த முகம். மத்தியானம் மூன்று மணி. அழகேசன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, வரவேற்பறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எதற்காக வந்தாரோ அது சோபாவுக்கு அடியில் இருக்கலாம் என்பதுபோல் லேசாகக் குனிந்தும் பார்த்தார்.

மூவரும் படுக்கையறையில் நின்றார்கள். இம்தியாஸ் தன்னுடைய டேப்லட்டைத் திறந்தான். நான்கு புள்ளிகள்.

அழகேசன் தொண்டையைக்கூடச் செருமவில்லை.

"பீரோவைத் திறங்கம்மா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

திறந்தாள். புடவைகள், மிதுலாவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள். அவர் பரணைப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி சூட்கேஸை நகர்த்திப் பார்த்தார். பால்கனிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குத் தாவ முடியுமா என்று எட்டிப் பார்த்தார். முடியாது.

"ஏம்பா, நீயும் நானும் இவங்களும். மூணு. நாலாவது எங்க நிக்குது?"

"உங்களுக்குப் பின்னாடி சார்."

அழகேசன் மூலையிலிருந்து இரண்டே எட்டில் அறைக்கு வெளியே போய்விட்டார். "முருகா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

இம்தியாஸ் சிரிக்கவில்லை. எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே வரச் சொன்னான். மூவரும் லிப்ட் பக்கம் போய் நின்றார்கள். பூட்டிய வீட்டுக்குள் ஒரு புள்ளி இருந்தது. அவன் சுகிர்தாவின் பக்கம் திரும்பினான்.

"மேடம், இது எத்தனை மணிக்கு வரும்?"

"பத்து, பதினொண்ணு. ராத்திரி நான் வேலைக்குக் கிளம்பும்போது இருக்காது."

"தினமுமா?"

"போன மாசம் புயல் வந்துச்சே, அப்ப வரல. மழை விட்டு வெயில் அடிச்சதும் மறுபடி வந்துட்டான்." சொல்லிவிட்டு அவளுக்கே எரிச்சல் வந்தது. வந்துட்டான் என்று அவளும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"முன்னாடி பூனைன்னு காட்டுச்சுன்னு சொன்னீங்களே. அது குளிர்காலத்துலயா?"

"ஆமா. மார்ச்சுல குழந்தை. இப்ப ஆள்."

இம்தியாஸ் மொட்டைமாடிக்குப் படியேறினான். சுகிர்தா பின்னாலேயே போனாள். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தளத்தில் வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான். கைப்பிடிச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த பிளவில் ஒரு சாவியை நுழைத்துப் பார்த்தான். சாவி முழுதாக உள்ளே போயிற்று. கீழே வந்து பீரோவை நகர்த்தச் சொன்னான். பின்னால் தூண். பூச்சு நன்றாகத்தான் இருந்தது. உச்சியில் மட்டும் மயிரிழை மாதிரி சாய்வாக ஒரு கோடு. அவன் விரல் நகத்தை வைத்தான். நகம் உள்ளே இறங்கியது.

"இதான் அவன்," என்றான்.

அழகேசன் வாசற்படியிலேயே நின்றார். "புரியற மாதிரி சொல்லுப்பா."

"குளத்துல ஒரு கம்பு நட்டிருக்கு சார். அலை வந்தா என்ன ஆகும்? கம்பைச் சுத்தி வளைஞ்சு போகும். கம்புக்குப் பின்னாடி அலையோட கோலம் மாறிடும். கம்பைப் பாக்காமலே, கரையில நின்னு அலையை மட்டும் பாத்து, கம்பு எங்க இருக்குன்னு சொல்லிடலாம். அதான் எங்க மெஷின். ஆனா அது கம்பா, தண்ணில நிக்கிற ஆளோட காலான்னு எப்படிச் சொல்றது?"

"எப்படி?"

"கம்பு அங்கேயே இருக்கும். ஆள் வருவான், போவான். மெஷினுக்கு நாங்க அப்படித்தான் பழக்கினோம். ஒரே இடத்துல எப்பவும் சிதறினா விரிசல். வந்து வந்து போனா மனுஷன், கழிச்சிடு."

"சரி."

"இந்த விரிசல் வந்து வந்து போகுது சார். மேல தளம் வெயில்ல நீளும். கொஞ்சம்தான். ஆனா அது தூணோட தலையைப் புடிச்சுத் தள்ளும். அப்ப விரிசல் வாயைத் திறக்கும். சாயங்காலம் தளம் ஆறினா மூடிக்கும். மூடிட்டா ரெண்டு பக்கமும் இறுக்கி ஒட்டிக்கும். அலை அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி கடந்து போயிடும். மெஷின் பாத்துச்சு. காலையில வருது, ராத்திரி போகுது. ஆள்னு முடிவு பண்ணிடுச்சு. சின்னதா இருக்கும்போது பூனை. இப்ப..."

அவன் உள்ளங்கையை அந்தக் கோட்டின்மேல் வைத்தான்.

சுகிர்தாவுக்கு முதலில் வந்தது பயமில்லை. சிரிப்பு. ஊரே சேர்ந்து அவளுக்குக் கட்டிவைத்த ஆண் ஒரு ஓட்டை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டாள். "வெயில் மட்டும் இவ்வளவு செய்யுமா?"

"செய்யாது. இந்த வரிசைத் தூண் கீழ இறங்குதுன்னு நினைக்கிறேன். ஏரி மண்ணுதானே."

"விழுமா?"

"தெரியாது மேடம். நாளைக்கும் விழலாம். நாப்பது வருஷம் நிக்கவும் நிக்கலாம். உள்ள கம்பி எப்படி இருக்குன்னு உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"யாரும் எதையும் உடைக்க வேண்டாம்," என்றார் அழகேசன். தொண்டைச் செருமல் திரும்பியிருந்தது.

*

இரண்டு நாள் கழித்து அழகேசனும் இம்தியாஸும் சேர்ந்தே வந்தார்கள். இம்தியாஸ் கையில் அவனுடைய நிறுவனத்தின் சான்றிதழ். சுகிர்தாவின் வீட்டில் காட்டப்பட்ட இரண்டாவது நபர் கருவிக் கோளாறினால் வந்தது, அப்படி யாரும் இருந்ததற்கு ஆதாரமில்லை என்று முத்திரையுடன் எழுதியிருந்தது. விரிசல் என்ற வார்த்தை எங்குமில்லை.

"நீங்க கேட்டது இதுதானேம்மா," என்றார் அழகேசன். அன்று அவர் காட்டிய மரியாதை புதிது. "குரூப்லயும் நான் போட்டுடறேன். எங்களால ஒரு பொம்பளைக்குக் கெட்ட பேருன்னு பகிரங்கமா மன்னிப்பே கேட்டுடறேன்."

"தூணு?"

"சிமெண்ட் பால் இறக்கி அடைச்சுடலாம். சுத்தி ஒரு இரும்புச் சட்டை போட்டுடலாம். சத்தமில்லாம, ஒவ்வொண்ணா. வெளிய தெரிஞ்சா கார்ப்பரேஷன்காரன் மறுநாளே சீல் வெப்பான். எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா? லோன் கட்டிட்டு இருக்கான் எல்லாரும். எங்க போவான்?" அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க போவீங்க? வீடு இல்லாதவகிட்ட எந்த ஜட்ஜும்மா பிள்ளையக் குடுப்பாரு?"

அவர் முட்டாள் இல்லை. சரியான இடத்தில்தான் அழுத்தினார்.

சுகிர்தா இம்தியாஸைப் பார்த்தாள். அவன் டேப்லட்டில் எதையோ செய்துவிட்டு அவளிடம் காட்டினான். மத்தியான வெயில் உச்சியில் இருந்தது. வரைபடத்தில் மூன்று புள்ளிகள்தான். மூலை காலி.

"இனிமே வராதா?"

"வரும் மேடம். காட்டாது. அந்த இடத்தை விட்டுடச் சொல்லி எழுதியிருக்கேன்."

"உங்களுக்கு இது சரின்னு படுதா?"

"என் ஹெட் ஆபீஸ்ல கேட்டேன். ஒரு கட்டடத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டா, மெஷின் வெச்ச எல்லாக் கட்டடத்துலயும் தப்பான்னு கேப்பாங்கன்னு சொன்னாங்க." அவன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான். கட்டியிருந்த லேஸைத்தான் மறுபடியும் கட்டினான். "கேக்கத்தான் செய்வாங்க."

அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். அன்று பகல் நன்றாகத் தூங்கினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆள் இல்லை என்று தெரிந்த அறையில் மனிதர்கள் தூங்கத்தான் செய்வார்கள், மேலே என்ன தொங்கினாலும்.

*

குடும்ப நல நீதிமன்றத்தின் நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சான்றிதழைப் படித்தார். பரணிதரனின் வக்கீல் எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். பரணிதரன் அவளைப் பார்த்தான். ஏமாந்தவனின் முகம் இல்லை அது. இவ்வளவு சுத்தமாக எப்படி மறைத்தாள் என்று யோசிக்கிறவனின் முகம்.

"வேலை பகலுக்கு மாறுதா?" நீதிபதி கேட்டார்.

"மாறுது மேடம். மேலாளர் கடிதம் வெச்சிருக்கு," என்றாள் பியூலா.

"சொந்த வீடு. நல்லது. பெண் குழந்தை. தனியா படுக்க ரூம் இருக்கா?"

"இருக்கு மேடம். படுக்கையறைய அப்படியே பிள்ளைக்குக் குடுத்துட்டு இவங்க ஹால்ல—"

"அந்த ரூம்ல பிள்ளைய படுக்க வைக்க முடியாது," என்றாள் சுகிர்தா.

பியூலா மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். வலித்தது.

"ஏன்?" நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"மெஷின் கோளாறு இல்ல மேடம். அது காட்டினது அங்க இருக்கு."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. பரணிதரனின் வக்கீல் பாதி எழுந்துவிட்டார். அவருடைய ஜூனியர் சிரித்தேவிட்டான். சுகிர்தா அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு தூணைப் பற்றிச் சொன்னாள். வெயிலைப் பற்றி, ஏரி மண்ணைப் பற்றி, அழகேசன் சொன்னதை, இம்தியாஸ் மூலையைக் காலி செய்ததை. தனக்குப் புரிந்த அளவில் சொன்னாள். தியாகம் செய்கிற எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை. அந்த மூலையில் மிதுலாவின் கட்டிலைப் போட்டுப் பார்த்தாள், மனதுக்குள். போட முடியவில்லை. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பியூலா சொன்னாள். "ஜெயிச்ச கேஸ். கையில வாங்கிட்டுக் கீழ போட்டுட்ட."

"தெரியும்."

"உண்மைலயே ஆளு கிடையாதா, பிள்ளே?"

பஸ் வந்தது, சுகிர்தா ஏறினாள்.

*

மாநகராட்சி வந்து பூச்சை உடைத்தது. விரிசல் இருந்தது. உள்ளே கம்பி கரும்புச் சக்கை மாதிரி உதிர்ந்தது. கீழ் மாடிகளிலும் அதே வரிசையில் அப்படித்தான் இருந்தது. எல்லோரையும் வெளியேற்றிக் கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். அதனால் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏழாவது மாடிப் பெண்மணி தெருவில் நிறுத்தி, "உன் பேரைக் காப்பாத்திக்க எங்களை நடுத்தெருவுல விட்டுட்டியே," என்றார். அழகேசன் அண்ணாநகரில் மகன் வீட்டுக்குப் போனார். சத்தமில்லாமல் சரி செய்திருக்கலாம் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கட்டடம் இன்னும் நிற்கிறது. அதுதான் எல்லோருக்கும் ஆத்திரம். விழுந்திருந்தால் அவளைக் கும்பிட்டிருப்பார்கள்.

திடம் நிறுவனம் அறிக்கை விட்டது. அந்தக் கட்டடத்தின் மண் விசேஷமானது, மற்றக் கட்டடங்களில் கணிப்பு மிகச் சரியாக இருக்கிறது. இம்தியாஸ் அங்கே இப்போது வேலையில் இல்லை.

சுகிர்தா பல்லாவரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. நிலையான வீடு அமையும்வரை குழந்தை தகப்பனிடமே இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்தில் உள்ள பிள்ளைகள் அறையில் பார்க்கலாம்.

அந்த அறையில் சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். மிதுலா அம்மா கொண்டுவந்த சீடையைக் கடித்துக்கொண்டே பேசினாள். ஒன்பது வயது. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

"அம்மா, நீ எல்லாரையும் வீட்டை விட்டுத் துரத்திட்டியாமே. அத்தை சொன்னாங்க."

அத்தை என்பது பரணிதரனின் அக்கா. கல்யாணமாகாதவள். அவன் வீட்டில்தான் இருந்தாள்.

"துரத்தல. கட்டடம் சரியில்ல, அதான் எல்லாரும் கிளம்பிட்டாங்க."

"எங்க கட்டடம் சூப்பர். ஜிம் இருக்கு. ஆப்கூட இருக்கு. வீட்ல எத்தனை பேருன்னு காட்டும், தெரியுமா?"

"தெரியும்."

"எங்க வீட்ல நாலு பேர்."

சுகிர்தா சீடை டப்பாவை மூடினாள். "யார் யாரு? சொல்லு பாப்போம்."

"அப்பா, அத்தை, நான், தாத்தா."

"அப்பாவோட அப்பாவா? அவர் செத்துட்டாரேடா."

"திரும்பி வந்துட்டாரு!" மிதுலாவின் முகம் மலர்ந்தது. "காலையில வருவாரு, ராத்திரி போயிடுவாரு. முதல்ல அத்தைதான் பாத்தாங்க, அழுதுட்டாங்க. அப்பா குரூப்ல போட்டதும் எல்லாரும் கும்பிடற கை போட்டாங்க. சங்கத்து அங்கிள் மாலை வாங்கிட்டு வந்தாரு. அத்தை வெள்ளிக்கிழமை வடை, பாயசம்லாம் வெச்சுப் படைக்கிறாங்க. எனக்கும் குடுப்பாங்க."

"எந்த ரூம்ல வர்றாரு?"

"என் ரூம்லதான். சுவர் ஓரமா."

"நீ எங்க படுக்கிற?"

"முன்னாடி ஜன்னல் பக்கம் படுப்பேன்." மிதுலா சீடைத் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப அத்தை கட்டிலை நகத்திப் போட்டுட்டாங்க. தாத்தா பக்கத்துல."